கண்ணெதிரே இருந்தும் கண்ணில் படாதது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

பார்வை, கவனம், தேடல் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் யாரோ ஒருவர் மீது குற்றச்சாட்டு இருக்கிறது. கணவருக்கு அக்கறை இல்லை, மருத்துவர் அலட்சியம், நான் சோம்பேறி. மனிதக் கண் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பதிவு செய்யும் ஆய்வுக்கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். இந்தக் குற்றச்சாட்டுகளில் பலவற்றை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைப் பதில்களில் சொல்கிறேன்.

கேள்வி: என் கணவர் சாவியைத் தேடுவார். மேசையைப் பார்ப்பார், “இங்கே இல்லை” என்பார். நான் போய் அதே மேசையிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். வேண்டுமென்றே செய்கிறாரா? – ஒரு வாசகி

இல்லை அம்மா, அவர் நிஜமாகவே பார்த்துவிட்டுத்தான் இல்லை என்கிறார்.

கையை முழுசாக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். உங்கள் பார்வையில் மிகக் கூர்மையாக இருக்கும் பகுதி ஏறக்குறைய அந்த அளவுதான். அதைத் தாண்டி வெளியே போகப் போகக் கூர்மை மளமளவென்று இறங்கிவிடும். ‘மேசை முழுக்கத் தெளிவாகத் தெரிகிறதே’ என்று கேட்பீர்கள். கண் விநாடிக்கு மூன்று நான்கு தடவை இடம் விட்டு இடம் தாவிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் எந்த இடத்தைப் பற்றி நினைக்கிறீர்களோ, அந்த நொடியே கண் அங்கே போய்விடும். அதனால்தான் எல்லா இடமும் எப்போதும் தெளிவாக இருப்பதுபோலத் தோன்றுகிறது.

ஓரப்பார்வைக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. பொருள்கள் நெருக்கமாகக் கிடந்தால் அவை ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். 1970-இல் ஹெர்மன் பௌமா என்பவர் எழுத்துகளை வைத்து இதை அளந்தார். நீங்கள் பார்க்கும் புள்ளிக்கும் ஓர் எழுத்துக்கும் நடுவே உள்ள தூரத்தில் சுமார் பாதி அளவுக்குள், அந்த எழுத்தின் பக்கத்திலேயே வேறு எழுத்து இருந்தால், அந்த எழுத்தை அடையாளம் காண்பது சிரமம். பேனா, சார்ஜர், ரசீது, கண்ணாடிக் கூடு எல்லாம் குவிந்த மேசையில் சாவிக்கும் இதே கதிதான். நேராகக் கண் போனால்தான் அது சாவி என்று தெரியும்.

நேராகப் போனால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. எங்கள் கூடத்தில் சோதனைக்கு வருபவரிடம், தாடையை ஒரு தாங்கியில் வைத்துத் திரையைப் பார்க்கச் சொல்வோம். அவர் பார்வை விழும் இடம் எங்கள் பக்கத்துத் திரையில் ஒரு பச்சைப் புள்ளியாக ஓடும். ஒரு சமையலறைப் படம் வரும், அதில் கத்தரிக்கோலைத் தேட வேண்டும். புள்ளி மேடையின் ஓரத்துக்குப் போகும். கரண்டிகளுக்கு நடுவே செருகியிருக்கும் கத்தரிக்கோலின் கைப்பிடி மேலேயே போய் நிற்கும். கால் விநாடி இருக்கும். அப்புறம் ஜன்னல் பக்கம் தாவிவிடும். கொஞ்ச நேரம் அலைந்துவிட்டு அவர் ‘இல்லை’ என்ற பொத்தானை அழுத்துவார். பதிவைத் திரும்பப் போட்டுக் காட்டினால், “நான் அங்கே பார்க்கவே இல்லையே” என்பார். சத்தியமாகச் சொல்வார், பொய் இல்லை. அவர் மனதில் வைத்துத் தேடியது விரிந்து கிடக்கும் கத்தரிக்கோல். அங்கே இருந்ததோ இரண்டு கறுப்பு வளையம் மட்டும்.

தேடும்போது மனதில் ஓர் உருவம் வைத்திருக்கிறோம். அந்த உருவத்தின் நிறம், சாய்வு, அளவு இவற்றோடு ஒத்துப்போகும் இடங்களுக்குத்தான் கண் அனுப்பப்படுகிறது. எது சட்டென்று கண்ணில் படும், எது படாது என்பதை 1980-இல் ஆன் டிரீஸ்மனும் கேரி ஜெலாடும் சோதித்துக் காட்டினார்கள். நிறத்தில் மட்டுமே தனித்து நிற்கும் எழுத்து என்றால், திரையில் 5 எழுத்து இருந்தாலும் 30 இருந்தாலும் கண்டுபிடிக்க ஆகும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பழுப்பு ‘டி’க்களும் பச்சை ‘எக்ஸ்’களும் நிறைந்த கூட்டத்தில் ஒரு பச்சை ‘டி’யைத் தேடச் சொன்னால், எழுத்துகள் கூடக் கூட நேரமும் ஏறிக்கொண்டே போகிறது. நிறமும் வடிவமும் சேர்ந்தால்தான் அடையாளம் என்ற நிலையில் கவனம் இடம் இடமாகப் போய்த்தான் ஆக வேண்டும். பளபளக்கும் உலோகச் சாமான்களுக்கு நடுவே கிடக்கும் சாவி இந்த இரண்டாவது வகை.

இதை முதல் வகையாக மாற்றிவிடலாம். சாவியில் பளிச்சென்று ஒரு மஞ்சள் நாடா கட்டுங்கள், அந்த மேசையில் வேறு மஞ்சள் பொருள் எதையும் வைக்காதீர்கள். உங்களுக்கு ஏன் உடனே கிடைக்கிறது என்று கேட்டால், பல தடவை அதை அங்கே வைத்தவரே நீங்களாக இருப்பீர்கள்.

கேள்வி: எங்கள் பாட்டி எதைத் தேடினாலும் அதன் பேரை முணுமுணுத்துக்கொண்டே தேடுவார். கேலி செய்கிறோம். இதில் ஏதாவது பலன் உண்டா? – ஒரு கல்லூரி மாணவி

உண்டு, கேலியை நிறுத்துங்கள். 2012-இல் கேரி லுப்யான், டேனியல் ஸ்விங்லி என்ற இருவரும் இதைச் சோதித்தார்கள். தேடும் பொருளின் பெயரை வாய்விட்டுச் சொன்னவர்கள் அதைச் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். ஒரு நிபந்தனை உண்டு. பெயரைச் சொன்னதும் மனதில் வரும் உருவமும், எதிரே இருக்கும் பொருளும் ஒத்திருக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறான தோற்றம் கொண்ட பொருள் என்றால் பெயர் சொல்வது தேடலைத் தாமதமாக்கவும் கூடும். பாட்டி பல வருஷம் புழங்கிய சாமான்களைத்தானே தேடுகிறார், அவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

கேள்வி: கண்ணாடியில் என் இடது கண்ணைப் பார்த்துவிட்டு வலது கண்ணைப் பார்த்தால், கண் அசைவதே தெரியவில்லை மேடம். பக்கத்தில் நிற்கும் தங்கை அசைகிறது என்கிறாள். யார் சொல்வது சரி? – ஏழாம் வகுப்பு மாணவர்

இரண்டு பேர் சொல்வதும் சரி, தம்பி. இந்த இதழுக்கு வந்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான். உன்னைப் போலவே கண்ணாடியில் பார்த்து, 1900-இல் ரேமண்ட் டாட்ஜ் என்ற உளவியலாளர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு கண்ணிலிருந்து மற்ற கண்ணுக்குப் பார்வையை மாற்ற, விநாடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. அந்த நேரத்தில் விழித்திரையின் மேல் உலகமே சர்ரென்று இழுபடும். அந்த இழுபடல் நமக்குத் தெரிந்தால் நாள் முழுக்கத் தலைசுற்றும். ஆகவே கண் தாவும் நேரத்தில் வரும் தகவலை மூளை மங்கலாக்கிவிடுகிறது. தாவலுக்கு முன்னும் பின்னும் உள்ள காட்சிகளை இடைவெளி தெரியாமல் ஒட்டிவிடுகிறது. தங்கையின் கண் தாவவில்லை, அதனால் அவளுக்கு உன் கண் அசைவது தெரிகிறது.

இன்னும் இரண்டு வேலை கொடுக்கிறேன். கண்ணாடிக்குப் பதிலாக செல்போனின் செல்ஃபி கேமராவில் இதையே செய்து பார். கேமரா படத்தைக் காட்டக் கொஞ்சம் தாமதமாகும், அதற்குள் உன் கண் தாவி முடித்திருக்கும். அதனால் உன் கண் அசைவதை நீயே பிடித்துவிடலாம். அடுத்தது, விநாடி முள் டக் டக்கென்று நகரும் கடிகாரத்தை வேறெங்கோ பார்த்துவிட்டுச் சட்டென்று பார். முதல் விநாடி மட்டும் முள் நின்றுபோனது மாதிரி நீளமாகத் தோன்றும். 2001-இல் கீலன் யாரோவும் கூட இருந்தவர்களும் இதை அளந்தார்கள். தாவும்போது விட்டுப்போன நேரத்தை, தாவி முடித்ததும் கண்ட காட்சியின் கணக்கில் மூளை சேர்த்துவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரலில் ஒரு கட்டி இருப்பதாக இப்போது சொல்கிறார்கள். போன வருஷம் எடுத்த ஸ்கேனை வேறொரு மருத்துவரிடம் காட்டினோம். “இதிலேயே இருக்கிறதே” என்று விரலை வைத்துக் காட்டினார். இப்போது எனக்கே தெரிகிறது. அன்று பார்த்தவர் அலட்சியமாக இருந்தார் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல? – ஒரு மகள்

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பாவின் படத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லக் கூடாது, மருத்துவம் என் துறை இல்லை. ஆனால் ‘எனக்கே தெரிகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். இடம் தெரிந்த பிறகு பார்ப்பது தேடல் ஆகாது. விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. எங்கே இருக்கும், இருக்குமா என்றே தெரியாமல் நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுப் படங்களை ஓட்டிப் பார்ப்பது முற்றிலும் வேறு வேலை.

2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. டிராஃப்டன் ட்ரூ, மெலிசா வோ, ஜெரமி உல்ஃப் மூவரும் செய்தது. நுரையீரல் ஸ்கேன்களில் சிறு கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியக்க மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டார்கள். கடைசி ஸ்கேனில் ஒரு கொரில்லாவின் உருவத்தைச் சேர்த்திருந்தார்கள். சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரியது. 24 பேரில் 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. கண்ணசைவுப் பதிவைப் பார்த்தால், அந்த 20 பேரில் 12 பேரின் கண் நேராகக் கொரில்லாவின் மேலேயே விழுந்திருந்தது. அவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை, கட்டிகளைக் கண்டுபிடிப்பதில் தேர்ந்தவர்கள். சிறிய, வெளிறிய, உருண்டையான புள்ளி ஒன்றுக்காகக் கவனத்தைத் தீட்டி வைத்திருந்தார்கள். பெரிய கறுத்த உருவம் அந்தத் தேடலுக்குள் வரவில்லை.

கட்டியையே தவறவிடுவது எப்படி என்று கேட்பீர்கள். ஹெரால்ட் குண்டலும் கால்வின் நோடினும் 1970-களிலேயே மார்பு எக்ஸ்ரே பார்க்கும் மருத்துவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். தவறிய கட்டிகளை மூன்றாகப் பிரித்தார்கள். சிலவற்றின் பக்கம் கண்ணே போகவில்லை. சிலவற்றின் மேல் கண் பட்டும் நிற்கவில்லை. மூன்றாவது வகையில் கண் கணிசமான நேரம் நின்றது, ஆனாலும் ‘இது ரத்தக்குழாயின் நிழல்’ என்பதுபோல் தவறாக முடிவாகிவிட்டது. பெரும்பாலான தவறுகளில் கண் அந்த இடத்துக்குப் போயிருந்தது. ஆக, ‘பார்க்கவே இல்லை’ என்பது பல நேரம் உண்மை இல்லை. இன்னொன்றும் உண்டு. படத்தில் ஏதாவது ஒன்று கிடைத்துவிட்டால் இரண்டாவதைத் தவறவிடும் வாய்ப்பு கூடுகிறது. இதைக் கதிரியக்கத் துறையினர் 1960-களிலிருந்தே பேசி வருகிறார்கள்.

இதற்காக யாரும் பொறுப்பே ஏற்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மனிதக் கண்ணின் இயல்பு இது என்று தெரிந்த பிறகும், ஒரே ஆளிடம் ஒரு நாளைக்கு அளவுக்கு மீறிப் படங்களைக் குவிப்பது தவறு. ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைப் படங்களை ஐரோப்பாவின் பல நாடுகளில் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படிக்கிறார்கள். ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிப்பார் என்பதற்காகத்தான். அன்று அந்தப் படத்தை இரண்டாவதாக யாராவது படித்தார்களா, எதற்காக எடுக்கப்பட்ட ஸ்கேன் என்று படித்தவருக்குத் தெரிவித்தார்களா என்று கேளுங்கள். இது நியாயமான கேள்வி, பதில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இனி ஒவ்வொரு முறையும் பழைய படங்களைக் கையோடு கொண்டு போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் மாற்றம் எங்கே என்று தெரிந்துவிடும். அப்பா குணமடைய வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன்.

கேள்வி: இரவு முழுக்கக் கண்காணிப்புக் கேமராத் திரைகளைப் பார்ப்பது என் வேலை. மாசக்கணக்கில் ஒன்றும் நடக்காது. நடந்த ஒரே தடவை நான் கவனிக்கவில்லை, முழித்துக்கொண்டுதான் இருந்தேன். சோம்பேறி என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். – ஒரு காவலர்

நீங்கள் சோம்பேறி இல்லை. மனிதர்களால் செய்ய முடியாத வேலையை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிய ரேடார் பணியாளர்களுக்கும் இதேதான் நடந்தது. நார்மன் மேக்வொர்த் இதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். வெறும் வட்டத்தில் ஒரு முள் விநாடிக்கு ஓர் எட்டு வைக்கும். எப்போதாவது இரண்டு எட்டு சேர்த்துத் தாவும், அப்போது பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இப்படியே. 1948-இல் வெளியான முடிவின்படி முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகே கண்டுபிடிப்பது குறைந்துவிட்டது. இத்தனைக்கும் உட்கார்ந்திருந்தவர்கள் ஆர்வமுள்ள இளைஞர்கள்.

மாசக்கணக்கில் ஒன்றும் நடக்காததுதான் இதைவிடப் பெரிய காரணம். 2005-இல் ஜெரமி உல்ஃபும் உடன் ஆய்வாளர்களும் விமான நிலையப் பைச் சோதனை மாதிரியான படங்களில் கருவிகளைத் தேட வைத்தார்கள். பாதிப் படங்களில் கருவி இருந்தபோது தவறவிட்டது 7 சதவீதம். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம். ஆட்களின் திறமை மாறவில்லை. திரும்பத் திரும்ப ‘இல்லை, இல்லை’ என்றே விடை வரும்போது, எவ்வளவு நேரம் தேடிவிட்டு நிறுத்தலாம் என்ற கணக்கையும், எதை ‘இருக்கிறது’ என்று ஏற்பது என்ற அளவுகோலையும் மூளை தானாகவே மாற்றிவிடுகிறது. கவனமாக இரு என்று யார் சொன்னாலும் அது அசையாது.

விமான நிலையங்களில் இதனால்தான் பைகளின் எக்ஸ்ரே படங்களுக்கு நடுவே பொய்யான ஆயுதப் படங்களை அவ்வப்போது நுழைக்கிறார்கள். பணியாளர் அதைக் கண்டுபிடித்தால், இது சோதனைப் படம் என்று திரை சொல்லிவிடும். உங்கள் மேலதிகாரியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றவும், வேலையின் நடுவே அடிக்கடி சோதனைக் காட்சிகள் காட்டவும் கேளுங்கள். திட்டுவதால் ஒரு பலனும் கிடைக்காது, இதனால் கிடைக்கும்.

கேள்வி: நான் காதில் மாட்டும் ப்ளூடூத்தில்தான் பேசுவேன். கை ஸ்டியரிங்கில், கண் ரோட்டில். பிறகென்ன ஆபத்து? – ஒரு கார் ஓட்டுநர்

கண் ரோட்டில்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். 2001-இல் டேவிட் ஸ்ட்ரேயரும் வில்லியம் ஜான்ஸ்டனும் சோதித்தபோது, போனில் பேசியவர்கள் சிக்னலைத் தவறவிடுவது இரண்டு மடங்கானது. போன் கையில் இருந்ததா காதில் இருந்ததா என்பதில் வித்தியாசம் இல்லை. பின்னால் செய்த ஆய்வில், ஓட்டுநர்கள் தாங்கள் நேராகக் கண் வைத்துப் பார்த்த விளம்பரப் பலகைகளைக்கூடப் பேசிக்கொண்டிருந்தால் பிறகு அடையாளம் சொல்லத் திணறினார்கள். பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசினால் அவ்வளவு மோசமில்லை. அவரும் ரோட்டைப் பார்க்கிறார், நெரிசல் வந்தால் பேச்சை நிறுத்துவார். போனில் இருப்பவருக்கு அது தெரியாது. வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசுங்கள், தயவுசெய்து.

கேள்வி: கவனத்தைக் கூர்மையாக்கும் செயலிகளைத் தினமும் விளையாடினால் எனக்கு மறதியும் தேடலும் குறையுமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

அந்த விளையாட்டில் நீங்கள் கெட்டிக்காரர் ஆவீர்கள். அது சாவி தேடுவதிலும் உதவும் என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு. டேனியல் சைமன்ஸும் மற்றவர்களும் 2016-இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசிவிட்டு இதைத்தான் சொன்னார்கள். பிடித்திருந்தால் விளையாடுங்கள்.

கேள்வி: படத்தில் இருப்பதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் எழுதுகிறேன். மனிதக் கண்ணின் இத்தனை பலவீனமும் இல்லாத கணினியிடமே தேடலை விட்டுவிட்டால் என்ன? – ஒரு பொறியாளர்

பலவீனம் என்று நீங்கள் சொல்வதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். 2017-இல் மிகுவேல் எக்ஸ்டைனின் குழு ஒரு குளியலறைப் படத்தில் பல் துலக்கும் பிரஷ்ஷைத் தேடச் சொன்னது. கழுவு தொட்டிக்குப் பக்கத்தில் சாதாரண பிரஷ் இருக்கிறது. பின்னால் சுவரோரம் ராட்சத பிரஷ் ஒன்றும் நிற்கிறது. பலர் பெரியதைத் தவறவிட்டார்கள். அதே ஆய்வில், படத்தில் பொருள்களை அடையாளம் காணப் பழக்கிய கணினி நரம்பு வலையமைப்புகளுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை.

கணினி ஜெயித்துவிட்டது என்று இதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பிரஷ் எவ்வளவு பெரிதாக இருக்கும், எங்கே இருக்கும் என்று மனிதருக்குத் தெரியும். அந்த அளவுக்குப் பொருந்தாத எதையும் தேடலிலிருந்தே ஒதுக்கிவிடுகிறார். நிஜ உலகில் ராட்சத பிரஷ் கிடையாதே, அதனால் இது மிகச் சிக்கனமான வழி. பிரஷ் மாதிரித் தெரிகிற வேறு எதையோ பிரஷ் என்று நினைத்து ஏமாறாமல் அவரைக் காப்பதும் இதே வழிதான். கணினிக்கு அந்த அறிவு இல்லாததால்தான் ராட்சத பிரஷ் தப்பவில்லை.

இரண்டும் விடுவது வேறு வேறு இடங்களில் என்பதால் சேர்த்து வைப்பதே சரி. ஆனால் எப்படிச் சேர்ப்பது என்பதில் கவனமாக இருங்கள். கணினி முதலிலேயே படத்தில் வட்டம் போட்டுக் காட்டினால், மனிதரின் கண் வட்டங்களுக்கே போகும். கணினி வட்டம் போடாமல் விட்டதை அவரும் விட்டுவிடும் வாய்ப்பு கூடிவிடும். இதுவும் சோதனைகளில் வெளிப்பட்டிருக்கிறது. உங்கள் மென்பொருளில் மனிதர் முதலில் தானாகப் பார்த்து முடிக்கட்டும். தன் முடிவை அவர் பதிந்த பிறகு வட்டங்களைக் காட்டுங்கள், திருத்திக்கொள்ள இன்னொரு வாய்ப்பும் கொடுங்கள்.